சிவப்பணுவின் பாஸ்பரஸ் கணக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிறவர்களுக்கு நெம்மேலியில் இடப்பக்கம் ஒரு பெரிய ஆலை தெரியும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலையை 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். தென்சென்னையின் பல தெருக்களில் குழாயைத் திறந்தால் வருவது வங்கக் கடல்தான், உப்பு நீங்கி.

உள்ளே நடக்கும் வேலையின் தத்துவம் சின்னது. நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே, நீரை மட்டும் விடும் ஒரு சவ்வை வைத்தால், நீர் தானாகவே உப்பு இருக்கும் பக்கம் போகும். இது சவ்வூடுபரவல். ஆலைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான ஓட்டம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீரிலிருந்து நீரைப் பிரித்தெடுக்க வேண்டுமானால், காற்றழுத்தத்தைப்போல் 55, 60 மடங்கு அழுத்தம் கொடுத்து அதைச் சவ்வின் மேல் தள்ள வேண்டும். இந்த வகை ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் இதற்கே போகிறது. இயற்கை போகும் திசைக்கு எதிராகத் தள்ளுவதற்கான விலை அது.

அதே விலையை நம் உடம்பில் ஒவ்வொரு ரத்தச் சிவப்பணுவும் கொடுக்கிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் இவை சுமார் 25 லட்சம் கோடி. ஒன்றின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரான். உள்ளே ஹீமோகுளோபின் அடைத்துக் கிடக்கிறது, வெளியே லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்குச் சமமான பிளாஸ்மா. சவ்வு வழியாக நீர் தாராளமாகப் போய்வரும். அதற்கென்றே சவ்வில் தனிப் புரதக் குழாய்கள் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே சிவப்பணுவின் ஆர்.எச். ரத்தவகைப் புரதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது, தேடாத ஒரு புரதம் கூடவே வந்து நின்றது. அதுதான் நீர்க்குழாய் என்று 1992இல் நிறுவினார், 2003இல் நோபல் பரிசு பெற்றார்.

நீரைத் தடுக்க முடியாத செல்லுக்கு ஒரே வழி, உப்பை வெளியே வைத்திருப்பது. நெம்மேலி ஆலை உப்பை நிறுத்தி நீரைத் தள்ளுகிறது. சிவப்பணு நீரை அதன் போக்கில் விட்டுவிட்டு, கசிந்து உள்ளே வரும் சோடியத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. பிளாஸ்மாவில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், செல்லுக்குள் 10 அளவில்தான். பொட்டாசியம் தலைகீழ்: உள்ளே மிகுதி, வெளியே 4 அல்லது 5. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது சவ்வில் பதிந்த ஒரு புரதப் பம்பு. மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டார். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் வகை மருந்துகள் சிவப்பணுவின் இந்தப் பரிமாற்றத்தை முடக்குகின்றன என்று ஸ்விட்சர்லாந்தின் ஷாட்ஸ்மன் காட்டியிருந்தார். பம்பு நின்றால் சோடியம் உள்ளே சேரும், கூடவே நீரும் வரும், செல் ஊதி வெடிக்கும். பம்பு ஒருமுறை சுழல, செல்லுக்கு ஆற்றல் தரும் பாஸ்பேட் பொருளான ஏடிபியின் ஒரு மூலக்கூறு செலவு.

இந்த ஏடிபி எங்கிருந்து வருகிறது? உடம்பின் மற்ற செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு ஆக்சிஜனைக் கொண்டு குளுக்கோஸை முழுவதுமாக எரித்து ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி எடுத்துவிடும். சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது முதலில் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, பிறகு மைட்டோகாண்ட்ரியாவையும் தானே செரித்து ஒழித்துவிடுகிறது. (ஏறக்குறைய பாலூட்டிகளுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு இது. நெம்மேலி குப்பத்து மீனவர் வலையில் விழும் வஞ்சிரத்தின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கும்.) உடம்பு முழுவதற்கும் ஆக்சிஜன் சுமக்கும் செல், அதில் ஒரு துளியைக்கூடத் தன் எரிபொருளுக்குத் தொடுவதில்லை. அதற்குக் கிடைப்பது குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்து லாக்டிக் அமிலமாக்குவதில் மிஞ்சும் இரண்டே ஏடிபி. இந்தச் சொற்ப வருமானத்தில் 120 நாள் வாழ்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைச் சுற்றி, தன்னைவிடக் குறுகலான தந்துகிகளில் நெளிந்து நுழைந்து வருகிறது.

அது விடாமல் குளுக்கோஸ் தின்பதை ரத்தப் பரிசோதனை நிலையத்திலேயே பார்க்கலாம். சர்க்கரை பார்க்க எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுகிறார்கள். மற்றச் சோதனைகளுக்குச் சிவப்பு, ஊதா, மஞ்சள் மூடிகள். சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். குளுக்கோஸை உடைக்கும் வரிசையில் வரும் ஈனோலேஸ் என்ற நொதியை அது கட்டிப்போடும். வேறு குழாயில் எடுத்துச் சும்மா வைத்திருந்தால், ரத்த செல்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். கோடையில் காலையில் எடுத்த ரத்தம் மதியம்வரை மேசையில் கிடந்தால், நீரிழிவுக்காரருக்குக்கூட நல்ல அளவு காட்டும். ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனையும் இதே செல்லின் ஏழ்மையிலிருந்து பிறந்ததுதான். உட்கரு இல்லாததால் புதுப் புரதம் செய்ய அதற்கு வழியில்லை. ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை செல் சாகும்வரை அப்படியே இருக்கும். ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரபர் 1968இல் நீரிழிவுக்காரர்களின் ஹீமோகுளோபினில் இந்த மாற்றத்தைக் கவனித்தார்.

ஏடிபி என்ற பொருள் இருப்பதே 1929வரை யாருக்கும் தெரியாது. அதைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். எல்லாப்ரகட சுப்பாராவ், 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடையில் அறுவைசிகிச்சை வகுப்புக்கு வந்தது ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1922இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்த நாட்களில் மருத்துவமனை ஒன்றில் இரவுக் கடைநிலை வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினார்.

சுப்பாராவ் என்றதும் ‘நோபல் மறுக்கப்பட்ட மேதை’ என்று ஆதங்கப்படுவது நம் வழக்கமாகிவிட்டது. அந்த ஆதங்கத்தில் அவர் உண்மையில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அவருடைய முதல் பெரிய பங்களிப்பு ஓர் அளவு முறை. ஹார்வர்டின் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925இல் வெளியிட்டது. பாஸ்பேட் உள்ள திரவத்தில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, பிறகு ஓர் ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் நீலம் தோன்றும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவு நீலம். சில சொட்டு ரத்தமே போதும், சில நிமிடங்களில் கணக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படித்தவர்கள் செய்முறைத் தேர்வில் இந்த நீலத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்று நோட்டில் எழுதியும் இருப்பார்கள், இரண்டாவது பெயர்க்காரர் திருவல்லிக்கேணியில் நடமாடியவர் என்று அறியாமலே.

ரத்தத்தில் நன்றாக வேலை செய்த முறை, தசைச்சாற்றில் வைத்தபோது முரண்டு பிடித்தது. நீலம் வந்து நிலைக்கவில்லை, நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போனது. இன்னொருவர் என்றால் சோதனையில் கோளாறு என்று கொட்டிக் கவிழ்த்திருப்பார். அமிலத்தில் மெல்லமெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் ஏதோ ஒரு நிலையற்ற பொருள் தசையில் இருக்கிறது என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927இல் அறிவித்தார்கள். அதே தடத்தில் போய் 1929இல் ஏடிபியையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதே ஆண்டில் அதையே கண்டு, சற்று முந்தி வெளியிட்டார். யார் முதல் என்ற தகராறில் எனக்கு அக்கறை இல்லை. உயிருள்ள செல்லின் ஆற்றல் எல்லாம் பாஸ்பேட்டாகக் கைமாறுகிறது என்பதை 1941இல் ஃப்ரிட்ஸ் லிப்மன் கோட்பாடாக எழுத முடிந்ததற்கு, பாஸ்பேட்டை எண்ண ஒரு வழி முன்பே கையில் இருந்தது காரணம்.

அந்த எண்ணிக்கையைச் சிவப்பணுவில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கரிமப் பாஸ்பேட்டில் பெரும்பங்கு ஏடிபி இல்லை. 1925இல் ஐசிடோர் கிரீன்வால்ட் பன்றி ரத்தத்தில் பிரித்தெடுத்த பிபிஜி என்ற பொருள்தான் அதிகம், ஏடிபியைப்போல் மூன்று நான்கு மடங்கு. வேறு எந்தச் செல்லிலும் இவ்வளவு இல்லை. அதைவிட விநோதம், அதைச் செய்வதால் செல்லுக்கு நஷ்டம். குளுக்கோஸை உடைக்கும் வழியில் ஏடிபி கிடைக்க வேண்டிய ஒரு படியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் பிபிஜி உருவாகும். ஒரு குளுக்கோஸ் முழுவதும் அந்தச் சுற்றுவழியில் போனால் மிஞ்சும் ஏடிபி பூஜ்யம். இரண்டே ஏடிபியில் காலம் தள்ளும் செல் எதற்காக இந்த ஊதாரித்தனம் செய்கிறது?

விடை வர 42 ஆண்டுகள் ஆயின. 1967இல் அமெரிக்காவில் ரெய்ன்ஹோல்ட், ரூத் பெனெஷ் தம்பதியும், தனியாக சானுடின், கர்னிஷ் என்ற இருவரும் ஹீமோகுளோபினில் பிபிஜியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதன் ஆக்சிஜன் பிடி தளர்ந்தது. சுத்தப்படுத்திய ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றும், ஆனால் தசையில் போய் எளிதில் விடாது. பிபிஜி அதன் நடுக்குழிவில் போய் உட்கார்ந்தால்தான் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கும். கடற்கரையிலிருந்து ஊட்டிக்கோ லடாக்குக்கோ போனவர்களின் சிவப்பணுவில் ஓரிரு நாளில் பிபிஜி கூடிவிடுகிறது. கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் பிபிஜிக்கு அவ்வளவாகப் பிடிகொடுக்காது. அதனால்தான் தாயின் ரத்தம் விடும் ஆக்சிஜனை அது இழுத்துக்கொள்கிறது. ஆக, அந்த நஷ்டம் ஊதாரித்தனமே இல்லை. தனக்கான ஏடிபியைக் குறைத்துக்கொண்டு உடம்புக்கு ஆக்சிஜன் விடும் ஏற்பாடு அது.

ரத்த வங்கிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அன்றாடச் சங்கதி. தானமாக வந்த ரத்தத்தை 2 முதல் 6 டிகிரி குளிரில், சிபிடிஏ-1 என்ற கரைசலில் 35 நாள்வரை வைக்கலாம். அதில் சிட்ரேட் உறையாமல் காக்கும். பாஸ்பேட்டும் சர்க்கரையும் செல்லுக்குத் தீனி. கடைசி எழுத்தான ‘ஏ’ அடினைன், செல் தொடர்ந்து ஏடிபி செய்துகொள்வதற்கான மூலப்பொருள். இத்தனை செய்தும், இரண்டு வாரத்தில் பையிலுள்ள பிபிஜி அநேகமாகத் தீர்ந்துபோகும். ஏற்றிய பிறகு உடம்புக்குள் அது மீண்டும் ஊற ஓரிரு நாள் ஆகும். குளிரில் சோடியம் பம்பும் மந்தமாகிவிடுவதால் பொட்டாசியம் கசிந்து வெளியே சேரும். பிறந்த குழந்தைக்கு நிறைய ரத்தம் ஏற்ற வேண்டி வரும்போது, எடுத்து சில நாட்களே ஆன ரத்தமாகக் கேட்டு மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நெம்மேலிக்குப் பக்கத்திலேயே, வடநெம்மேலியில், சிவப்பணுவோடு சம்பந்தப்பட்ட இன்னோர் இடம் உண்டு. முதலைப் பண்ணை வளாகத்தில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, பானையில் வைத்து, சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். உறையவைத்து உலர்த்திய அந்த விஷம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துகளுக்கு முதல் சரக்கு. இந்தக் கலையில் தேர்ந்த செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த விஷங்களில் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது. சிவப்பணுவின் சவ்வு பாஸ்பரஸ் ஏந்திய கொழுப்பால் ஆனது. அதில் லெசித்தின் ஒரு வகை. அதன் இரண்டு கொழுப்பு வால்களில் ஒன்றை இந்த நொதி வெட்டிவிடும். எஞ்சும் லைசோலெசித்தின் சவ்வைக் கரைக்கும் தன்மை கொண்டது. செல் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். சுத்தமான கண்ணாடி விரியன் நொதி மனிதச் சிவப்பணுவை நேரடியாக எளிதில் உடைப்பதில்லை, பிளாஸ்மாவிலுள்ள லெசித்தினை வெட்டி, அதிலிருந்து வரும் பொருளால் உடைக்கும் என்பது நுட்பமான விஷயம். விஷத்தில் இது ஒரு கூறுதான். கண்ணாடி விரியன் கடியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தம் உறையும் ஒழுங்கு குலைவதும் சிறுநீரகம் செயலிழப்பதும். ஆனாலும் சவ்வின் கொழுப்பைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பாம்பு விஷத்தின் இந்த நொதிக்குப் பெரும் பங்குண்டு. வெட்டிய கொழுப்பை அளக்கவும் அதே நீலம்தான் பயன்பட்டது. சுப்பாராவ் முறையைத் திருத்தி 1959இல் வெளியிட்ட பார்ட்லெட், அதைச் செய்ததே மனிதச் சிவப்பணுவின் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவதற்காக.

சிவப்பணு தின்னும் குளுக்கோஸ் முழுவதும் ஏடிபிக்குப் போவதில்லை. பத்தில் ஒரு பங்கு வேறொரு கிளை வழியில் போய், ஹீமோகுளோபினையும் சவ்வையும் ஆக்சிஜனின் அரிப்பிலிருந்து காக்கும் பொருளைத் தருகிறது. அந்தக் கிளையின் வாசலில் நிற்கும் நொதி ஜி6பிடி. பிறவியிலேயே இது குறைந்தவர்கள் சாதாரண நாளில் நன்றாக இருப்பார்கள். மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாகுயின் சாப்பிட்டாலோ, அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்கு உடுத்தினாலோ, சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து மஞ்சள் காமாலை வரும், சிறுநீர் கறுக்கும். 1956இல் சிகாகோ ஆய்வாளர்கள் இந்தக் குறையைக் கண்டுபிடித்தது இலினாய் சிறைக் கைதிகளின் மேல் நடத்திய மலேரியா மருந்துச் சோதனைகளிலிருந்து. அந்த அறிவு எந்த விலைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் பிறந்துவிட்ட செல்லின் கதை. மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதுச் சிவப்பணுக்களைச் செய்தாக வேண்டும். அவ்வளவு வேகமாகப் பிரிய டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏ செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் செல்கள் பிரியாமல் ஊதிப் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்து, சோகை வரும். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோகை வருவதை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்தவர். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது தீர்கிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருக்கும் பொருள் எது என்பது பிடிபடவில்லை. 1941இல் டெக்சஸில் நான்கு டன் கீரையை அரைத்து அதைப் பிரித்தார்கள். அதைத் தொழிற்சாலையில் செய்ய வழி கண்டது, 1945இல், நியூயார்க்குக்கு அருகே லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. ஏடிபி நாட்களுக்குப் பிறகு ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1940இல் அங்கே போனவர் அவர்.

சென்னையில் படித்த நாட்களில் அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. சத்துகள் குடலில் ஏறாமல் போய், பெருத்த சிவப்பணுவோடு சோகை வரும் நோய் அது. ஃபோலிக் அமிலம் கைக்கு வந்தவுடனே ஸ்ப்ரூ நோயாளிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். தேறினார்கள். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரையும் அதே லெடர்லி ஆய்வகத்தில் 1947இல் வந்ததுதான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், அவர் இறந்துபோனார்.

சிவப்பணுவின் பாஸ்பேட் கணக்கை மருந்தாலேயே திருத்தலாம் என்பது அண்மைக் காலத்துச் சேதி. பைருவேட் கைனேஸ் என்ற நொதி பிறவியில் பழுதானவர்களுக்கு ஏடிபி பற்றாமல் செல்கள் விரைவில் அழியும், வழி அடைபட்டதால் பிபிஜி தேங்கிக் கூடும். 1961இல் இந்நோயை விவரித்தார்கள். அந்த நொதியை முடுக்கிவிடும் மிட்டாபிவாட் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அனுமதி தந்தது. ஏடிபியைக் கூட்டி பிபிஜியைக் குறைப்பதால், கதிர் அரிவாள் சோகைக்கும் இது உதவுமா என்று சோதித்துவருகிறார்கள். அந்த நோயில் ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின் நாராகத் திரண்டு செல்லை வளைத்துவிடும். ஆக்சிஜனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் திரள்வது குறையும்.

கதிர் அரிவாள் ஹீமோகுளோபின் இந்தியாவில் இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்னது நீலகிரிப் பழங்குடிகளிடம் எடுத்த ரத்தத்தைக் கொண்டு. இருளரும் அவர்களில் உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொல்லி 17 மாநிலங்களில் நடக்கிறது, தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. நோய் உறுதியானவர்களுக்கு இப்போதைக்குக் கையில் கொடுப்பது ஹைட்ராக்ஸியூரியாவும், தினம் ஒரு ஃபோலிக் அமில மாத்திரையும்தான்.